நோயற்றவரை அழைத்தல்: கருப்பைக் கழுத்துப் பரிசோதனையின் வரலாறு – ஒரு நோக்கு

மருத்துவத்தின் வரலாறு நெடுங்காலமாகக் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு மேதை, ஓர் ஆய்வுகூடம், ஒரு கண்டுபிடிப்பு, அதனால் உலகுக்கு விளைந்த நன்மை என்ற ஒழுங்கிலேயே அவ்வரலாறு அமைவது வழக்கம். அதில் இடம்பெறாதோர் பலர். பரிசோதனைக்குத் தம் உடலைத் தந்தோர், கண்ணாடித் தகடுகளை நாள் முழுவதும் நுணுக்குக்காட்டியில் நோக்கியிருந்த ஊழியர், அழைப்புக் கிடையாமையால் வராது போனோர் ஆகியோர் அவருட் சிலர். பெண்களுக்கு ஏற்படும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே அறிதற்கெனத் தோன்றிய பரிசோதனையின் வரலாற்றில் இக்குறை தெளிவாகப் புலப்படுகிறது.

இப்பரிசோதனைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. வழக்கமாக நோயாளியே வைத்தியரை நாடிச் செல்கிறார். இங்கோ, நோவோ அறிகுறியோ எதுவுமின்றித் தம் அன்றாடக் கடமைகளைச் செய்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணைச் சமூகம் தானே அழைக்கிறது. நாடி வந்தவருக்கு மருத்துவம் செய்வது ஒரு கடமை. நாடி வராதவரை அழைத்து வந்து சோதிப்பது வேறொரு கடமை. பின்னையது பெரும் பொறுப்பினை உடையது. யாரை அழைப்பது, எந்த வயதில் அழைப்பது, அழைத்தவருக்கு எதைச் சொல்வது என்னும் மூன்று வினாக்கள் அப்பொறுப்பினின்றும் எழுகின்றன. கடந்த ஒரு நூற்றாண்டில் இப்பரிசோதனையால் காக்கப்பட்ட உயிர்களும் காக்கப்படாது போன உயிர்களும், கண்டுபிடிப்பின் நுட்பத்தைக் காட்டிலும் இம்மூன்று வினாக்களுக்கும் ஒவ்வொரு நாடும் அளித்த விடையினையே சார்ந்திருந்தன என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

2022ஆம் ஆண்டில் உலகெங்கணும் ஏறத்தாழ 6 இலட்சத்து 60 ஆயிரம் பெண்கள் இந்நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 3 இலட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தனர். இறந்தோருட் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோர் வருவாய் குறைந்த நாடுகளையும் நடுத்தர வருவாயுள்ள நாடுகளையும் சேர்ந்தோர். முதியவரை மட்டும் தாக்கும் நோயன்று இது. முப்பது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடைப்பட்ட பெண்கள், அஃதாவது வளரும் பிள்ளைகளையும் ஒரு குடும்பத்தின் உழைப்பையும் தாங்கி நிற்போர், பெருந்தொகையாக இதற்குப் பலியாகின்றனர். ஒரு தாயின் மரணத்தோடு ஒரு வீடே நிலைகுலைவதால், இந்நோயின் சமூக விளைவு இறந்தோர் தொகையினும் மிகப் பெரியது.

இந்நோய் மெல்ல வளர்வது. கருப்பையின் கழுத்துப் பகுதியிலுள்ள கலங்கள் முதலில் சிறு மாற்றம் அடைகின்றன. அம்மாற்றங்கள் பெரும்பாலும் தாமாகவே மறைந்துவிடும். மறையாது எஞ்சுவனவற்றுட் சிலவே பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறுகின்றன. அந்த நீண்ட இடைவெளியில் நோவு இல்லை, குருதிப் பெருக்கும் இல்லை. அறிகுறி தோன்றும் வேளையில் நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். எனவே அறிகுறி தோன்றுமுன் நோக்குதலே இந்நோயை வெல்லும் வழியாயிற்று.

கண்டுபிடிப்பும் காலதாமதமும்

கிரேக்க நாட்டின் எவியாத் தீவிலுள்ள கீமி என்னும் ஊரில் 1883இல் பிறந்த ஜோர்ஜ் பப்பானிக்கொலாவு, அதென்ஸ் நகரில் மருத்துவமும் மியூனிக் நகரில் விலங்கியலும் பயின்றவர். 1913இல் அவரும் மனைவி அந்திரொமக்கியும் நியூயோர்க் நகரை அடைந்தனர். அங்கு அவர் ஒரு பெருங்கடையில் கம்பளம் விற்றார். மனைவி அதே கடையில் பொத்தான் தைத்தார். விரைவிலேயே கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் ஆய்வுப் பணி கிட்டியது. கினிப் பன்றிகளின் இனப்பெருக்க வட்டத்தை, அவற்றின் யோனித் திரவத்திலுள்ள கலங்களைக் கொண்டு அறியலாம் என்பதை 1917இல் அவர் வெளியிட்டார். இம்முறையை மனிதருக்குப் பயன்படுத்த முற்பட்டபோது, ஆண்டுக்கணக்காகத் தம்மிடமிருந்தே மாதிரிகளைத் தந்தவர் அந்திரொமக்கி. ஆய்வுகூடத்தில் அவர் துணையாளராகவும் பணியாற்றினார். கண்டுபிடிப்புக்கு இடப்பட்ட பெயரோ கணவருடையது. இன்றுவரை அது ‘பப்’ பரிசோதனை என்றே வழங்கி வருகிறது.

இக்கலங்களிடையே புற்றுநோய்க் கலங்களையும் இனங்காணலாம் என்பதைப் பப்பானிக்கொலாவு 1928 சனவரியில் மிச்சிக்கன் மாநிலத்தில் நிகழ்ந்த ஒரு மாநாட்டில் அறிவித்தார். அதற்கு ஓராண்டுக்கு முன்னரே, ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் அவுரேல் பாபெஸ் என்னும் வைத்தியர் இதனையொத்த முறையொன்றைத் தம் சக வைத்தியர்முன் எடுத்துரைத்திருந்தார். ஒருவரை ஒருவர் அறியாது இருவர் ஒரே முடிவினை எய்தினர் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆயின் இருவர் கூற்றையும் மருத்துவ உலகு அன்று பொருட்படுத்தவில்லை. புற்றுநோயை உறுதிப்படுத்தத் திசுவை வெட்டி எடுத்து நோக்குவதே அக்காலத்து நோயியலாளர் ஏற்ற முறை. உதிர்ந்த தனிக் கலங்களை நோக்கி முடிவு கூறுதலை அவர்கள் ஐயத்துடனேயே நோக்கினர்.

மகப்பேற்று வைத்தியர் ஹேர்பேட் ட்ரோட் என்பவருடன் இணைந்து பப்பானிக்கொலாவு 1941இல் ஒரு கட்டுரையும் 1943இல் ஒரு நூலும் வெளியிட்டதன் பின்னரே நிலைமை மாறியது. 1947இல் கனடாவின் ஏர்னஸ்ட் எயர், கருப்பைக் கழுத்திலிருந்து நேரடியாகக் கலங்களைச் சுரண்டி எடுக்கும் ஒரு சிறு மரத்தகட்டை அறிமுகப்படுத்தினார். சில நிமிடங்களில், வெட்டுதலோ மயக்க மருந்தோ இன்றி, குறைந்த செலவில் மாதிரி எடுக்கும் வழி இவ்வாறு பிறந்தது. 1949இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இதனைப் பொதுமக்களுக்கான திட்டமாகத் தொடங்கிற்று.

பரிசோதனை பரவத் தொடங்கிய அக்காலத்திலேயே அது எட்டாது போன வாழ்வுக்கு ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 1951இல் ஐக்கிய அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனைக்கு ஹென்றியேற்றா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண் வந்தார். வயது முப்பது, ஐந்து பிள்ளைகளின் தாய். அவரது கருப்பைக் கழுத்தில் முற்றிய கட்டியொன்று காணப்பட்டது. கறுப்பினத்தவருக்குத் தனி வாட்டுகள் இருந்த காலம் அது. அவ்வாண்டு ஒக்டோபர் 4ஆந் திகதி, தம் முப்பத்தொராவது வயதில், அவர் இறந்தார். அவருடைய கட்டியிலிருந்து அவர் அனுமதியின்றி எடுக்கப்பட்ட கலங்கள் ஆய்வுகூடத்தில் அழியாது பெருகின. போலியோத் தடுப்பு மருந்தின் ஆய்வு முதலாக எண்ணற்ற ஆய்வுகளுக்கு அவை பயன்பட்டன. அவர் குடும்பத்தாரோ இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதனை அறியாதிருந்தனர். அறிவு வளர்ச்சிக்கு உடலைத் தந்தவருக்கு அவ்வறிவின் பயன் கிட்டாமை இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் ஒரு முரண்பாடாகும்.

தகடு நோக்கிய கண்கள்

பப் பரிசோதனை எளியது எனப்படுவது மாதிரி எடுத்தலைக் குறித்தே. எடுத்ததை வாசித்தல் எளிதன்று. ஒரு தகட்டில் பல்லாயிரம் கலங்கள் பரவியிருக்கும். அவற்றுள் மாறுபட்டவை ஒரு சிலவாகவே இருத்தல் கூடும். அவற்றைத் தேடிக் காண்பதற்கெனப் பயிற்சி பெற்ற புதியதொரு ஊழியர் பிரிவு தோன்றிற்று. ஐக்கிய அமெரிக்காவில் இவர்களுட் பெரும்பாலார் பெண்கள். இவர்தம் ஊதியம் குறைவு. கண்ணுக்கும் கழுத்துக்கும் வருத்தந் தரும் தொழில். இத்தனை கோடித் தகடுகளைக் குறைந்த செலவில் வாசிக்க முடிந்தமைக்கு இவ்வுழைப்பே அடிப்படை.

இவ்வுழைப்பு அளவுமீறிச் சுரண்டப்பட்டபோது நேர்ந்தது யாது என்பதை 1987இல் அந்நாட்டுப் பத்திரிகையொன்றில் வெளிவந்த கட்டுரைகள் புலப்படுத்தின. சில ஆய்வுகூடங்களில் ஊழியர் தகட்டின் எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெற்றனர். அளவிறந்த தகடுகளை விரைந்து நோக்கினர். நோய் இருந்தும் இல்லையென முடிவு பெற்ற பெண்கள் பின்னர் இறந்தனர். இதன் விளைவாக 1988இல் சட்டமொன்று இயற்றப்பட்டது. ஒருவர் 24 மணி நேரத்தில் 100 தகடுகளுக்கு மேல் நோக்கலாகாது என வரையறுக்கப்பட்டது. பரிசோதனையின் நம்பகம் கருவியில் மட்டுமன்றி ஊழியரின் உழைப்புச் சூழலிலும் தங்கியுள்ளது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டமை ஈண்டு நோக்கற்பாலது.

யாரை அழைப்பது: வட ஐரோப்பிய அனுபவம்

பப் பரிசோதனையால் மரணம் குறையும் என்பது எழுமாற்றாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வின் மூலம் நிறுவப்படுமுன்னரே அது பல நாடுகளில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. இதனைப் பிரித்தானிய வைத்தியர் ஆர்ச்சி கொக்ரேன் 1972இல் வெளியிட்ட நூலிற் கண்டித்தார். அத்தகைய ஆய்வு நிகழாதபோதிலும், அண்டை நாடுகள் ஐந்து தம்மையறியாமலே ஓர் ஒப்பீட்டுக்கு இடந்தந்தன.

பின்லாந்து 1963இலும் ஐஸ்லாந்து 1964இலும் ஒழுங்கமைந்த திட்டங்களைத் தொடங்கின. பின்லாந்தில் முப்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடைப்பட்ட பெண்கள் யாவருக்கும், குடிசனப் பதிவேட்டின் துணையுடன், ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தனித்தனியே கடிதம் அனுப்பப்பட்டது. நோர்வே அவ்வாறு செய்யவில்லை. அங்கு ஒரேயொரு மாவட்டத்தில் மட்டுமே அழைப்பு முறை இருந்தது. ஏனைய இடங்களில் வைத்தியரிடம் சென்ற பெண்களே தற்செயலாகப் பரிசோதிக்கப்பட்டனர். நோர்வேயிற் செய்யப்பட்ட பரிசோதனைகளின் தொகை குறைவன்று.

1965க்கும் 1982க்கும் இடையில் இந்நோயால் நிகழ்ந்த மரணவீதம் ஐஸ்லாந்தில் 80 சதவீதமும், பின்லாந்தில் 50 சதவீதமும், சுவீடனில் 34 சதவீதமும், டென்மார்க்கில் 25 சதவீதமும், நோர்வேயில் 10 சதவீதமும் குறைந்தது. 1987இல் வெளியான இவ்வொப்பீடு இத்துறையின் சிந்தனையையே மாற்றிற்று எனலாம். பரிசோதனை ஐந்து நாடுகளிலும் ஒன்றே. வைத்தியர் திறனிலும் செல்வத்திலும் பெரும் வேறுபாடில்லை. வேறுபட்டது அழைப்பு ஒன்றே. நோர்வே 1995இலேயே நாடளாவிய அழைப்பு முறைக்கு வந்தது.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ளுதல் கடினமன்று. தற்செயற் பரிசோதனையில் ஒரே பெண் பன்முறை சோதிக்கப்படுகிறார். இன்னொருவர் ஒருமுறையேனும் சோதிக்கப்படுவதில்லை. கர்ப்பகாலத்திலும் குடும்பக் கட்டுப்பாட்டு நிலையங்களிலும் வைத்தியரைச் சந்திக்கும் இளம் பெண்கள் மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டனர். பிள்ளைப்பேறு முடிந்து, வைத்தியரை நாடும் தேவையற்றிருந்த நடுவயதுப் பெண்களும் வறியோரும் விடுபட்டனர். ஆபத்து மிகுதியாக இருந்தது பின்னையோரிடமே. பின்லாந்தில் ஒரு பெண் தம் வாழ்நாளில் ஏழுமுறை அழைக்கப்பட்டார். ஆண்டுதோறும் செய்யுமாறு கூறப்பட்ட அமெரிக்கப் பெண்ணுக்கோ நாற்பது முறைக்கு மேல் செய்ய நேர்ந்தது. பலரைச் சிலமுறை சோதிப்பது, சிலரைப் பலமுறை சோதிப்பதினும் சிறந்தது என்பதே வட ஐரோப்பா தந்த பாடம். இங்கிலாந்து 1988இல் அழைத்தலும் மீள அழைத்தலும் கொண்ட தேசிய முறையை ஏற்படுத்திய பின்னரே அங்கும் குறிப்பிடத்தக்க பயன் விளைந்தது.

எதைச் சொல்வது: ஒக்லாந்து நிகழ்ச்சி

அழைத்தால் மட்டும் போதுமா என்னும் வினாவை எழுப்பியது நியூசிலாந்து. ஒக்லாந்து நகரின் தேசிய மகளிர் மருத்துவமனையில் 1966 முதலாகப் பேராசிரியர் ஹேர்பேட் கிறீன் ஓர் ஆய்வினை நடத்தினார். தோன்றிய இடத்திலேயே தங்கியிருக்கும் கடுமையான கலமாற்றம் புற்றுநோயாக மாறுவதில்லை என்பது அவர் கொண்ட கருத்து. அதனை நிறுவும்பொருட்டு, அத்தகைய மாற்றங்கொண்ட பெண்கள் சிலருக்கு உரிய சிகிச்சை செய்யாது, அவர்களைக் காலத்துக்குக் காலம் அழைத்து நோக்கிவந்தார். தாம் ஓர் ஆய்வுக்கு உட்பட்டிருப்பதை அப்பெண்கள் அறியார். அழைத்த நாளில் தவறாது வந்தனர், வைத்தியரை நம்பினர்.

அதே மருத்துவமனையைச் சேர்ந்த பில் மக்கின்டோ, ஜொக் மக்லீன் ஆகிய இருவர் இதனை எதிர்த்துப் பலமுறை முறையிட்டும் பயன் விளையவில்லை. அவர்கள் பிறருடன் சேர்ந்து 1984இல் ஒரு மருத்துவ ஏட்டில் முடிவுகளை வெளியிட்டனர். 1987இல் சான்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் என்னும் பெண்ணியவாதிகள் இருவர் பொதுமக்கள் வாசிக்கும் சஞ்சிகையொன்றில் இதனை அம்பலப்படுத்தினர். நீதிபதி சில்வியா காட்ரைட் தலைமையில் விசாரணை நடைபெற்று, 1988 ஓகஸ்டில் அறிக்கை வெளிவந்தது. 2008இல் வெளியான ஆய்வொன்று இதன் விளைவினை எண்களிற் காட்டிற்று. சிறு திசுமாதிரி மட்டும் எடுத்து விடப்பட்ட பெண்களுள் 31 சதவீதத்தினர் முப்பதாண்டுகளுக்குள் புற்றுநோய்க்கு ஆளாயினர். உரிய சிகிச்சை பெற்றோரிடையே அவ்வீதம் 1 சதவீதத்துக்குங் குறைவு.

சிகிச்சை பெறாத நிலையில் இந்நோய் எவ்வாறு வளரும் என்பதை மருத்துவ உலகு ஐயமற அறிந்தது இப்பெண்களின் உடல்களின் வாயிலாகவே என்பது துயரந் தரும் உண்மை. காட்ரைட் அறிக்கையின் பயனாக 1990இல் நியூசிலாந்தில் தேசியப் பரிசோதனைத் திட்டம் தோன்றியது. 1996இல் நோயாளர் உரிமைகள் சட்டவலுவுள்ள விதிகளாயின. அழைக்கப்படும் பெண்ணுக்கு உண்மையை அறியும் உரிமை உண்டு என்பது இவ்வரலாற்றிற் பெருவிலை கொடுத்துப் பெறப்பட்ட உண்மையாகும்.

எந்த வயதில்: இளம் பெண்களின் நிலை

இந்நோயின் காரணம் பற்றிய ஐயம் நெடுங்காலம் நீடித்தது. இத்தாலியின் வெரோனா நகர மரணப் பதிவுகளை ஆராய்ந்த ரிகோனி ஸ்ரேண் என்பவர், கருப்பைப் புற்றுநோய் கன்னியாஸ்திரிகளிடையே அரிதாகவும் மணமான பெண்களிடையே மிகுதியாகவும் இருந்ததை 1842இலேயே குறித்திருந்தார். பாலுறவின் வழியாகத் தொற்றும் காரணியொன்று இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அதனால் வலுப்பெற்றது. 1983இல் செருமானிய அறிஞர் ஹரல்ட் சுர் ஹவுசனும் அவர் குழுவினரும் மனிதப் பப்பிலோமா வைரசின் 16ஆம் வகையை இந்நோய்க் கட்டிகளிற் கண்டனர். அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் கண்டனர். ஹென்றியேற்றா லாக்சின் கலங்களிலும் இந்த 18ஆம் வகையே இருந்தது. இக்கண்டுபிடிப்புக்காக ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார்.

வைரசு அறியப்பட்டதும் வயது பற்றிய வினா புதிய வடிவம் பெற்றது. இவ்வைரசு இளம் வயதினரிடையே மிகப் பரவலாகத் தொற்றுவது. பெரும்பாலாரிடத்தில் ஓரிரு ஆண்டுகளில் உடலே அதனை நீக்கிவிடுகிறது. ஆகவே இருபது வயதுப் பெண்கள் பலரைச் சோதித்தால் கலமாற்றங்கள் பல காணப்படும். அவற்றுட் பெரும்பாலானவை தாமே மறைவன. ஆயின் காணப்பட்டதைக் கண்டும் காணாது விடுதல் வைத்தியருக்கும் பெண்ணுக்கும் இயலாததாகிறது. கழுத்துப் பகுதியின் ஒரு கூறு வெட்டி அகற்றப்படுகிறது. அவ்வாறு அகற்றப்பட்டோரிடையே பின்னர்க் குறைமாதப் பிரசவம் கூடுதலாக நிகழ்வதை 2006இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டிற்று. இல்லாத நோய்க்குச் செய்த சிகிச்சை, பிறக்கவிருக்கும் குழந்தையைப் பாதிப்பதாயிற்று.

இக்காரணங்களால் இங்கிலாந்து பரிசோதனை தொடங்கும் வயதை 2003இல் இருபதிலிருந்து இருபத்தைந்தாக உயர்த்திற்று. இருபது முதல் இருபத்துநான்கு வரையான வயதிற் செய்யும் பரிசோதனை, முப்பது வயதுக்குட்பட்ட புற்றுநோயைக் குறைப்பதிற் சிறிதளவே பயன்பட்டது, அன்றிப் பயன்படவேயில்லை என்பதை 2009இல் வெளியான ஆங்கில ஆய்வொன்று காட்டியது. அதே ஆண்டு மார்ச்சில், தொலைக்காட்சியால் நாடறிந்த ஜேட் கூடி என்னும் பெண் இருபத்தேழு வயதில் இந்நோயால் இறந்தார். பெண்கள் இலட்சக்கணக்கில் பரிசோதனைக்குத் திரண்டனர். வயதை மீண்டும் குறைக்குமாறு வற்புறுத்தல் எழுந்தது. நிபுணர் குழு மீள ஆராய்ந்து, இருபத்தைந்து என்னும் எல்லையையே நிலைநிறுத்தியது. ஒருவரின் மரணம் எழுப்பும் உணர்ச்சியும் பல்லாயிரவரின் நன்மை தீமைக் கணிப்பும் மோதியபோது எடுக்கப்பட்ட இம்முடிவு எளிதானதன்று. அவுஸ்திரேலியா 2017இல், தொடங்கும் வயதைப் பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்கு உயர்த்தி, கலங்களுக்குப் பதிலாக வைரசையே ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தேடும் முறைக்கு மாறியது. இளம் பெண்ணைப் பொறுத்தவரை, அழையாதிருத்தலும் சில வேளைகளில் அவர் நலன் பேணலே என்பது இதனாற் பெறப்படும்.

எனினும் அறிகுறியற்றவரைச் சோதித்தல் வேறு. அறிகுறி உடையவரை நோக்குதல் வேறு. இயல்புக்கு மாறான குருதிப்போக்குடன் வரும் இளம் பெண்ணை வயதைக் காட்டித் திருப்பியனுப்புதல் எத்திட்டத்துக்கும் உடன்பாடானதன்று.

வறிய நாடுகளின் வழி

தகடு, சாயம், நுணுக்குக்காட்டி, பயிற்சி பெற்ற கண்கள், பதிவேடு, தபால் ஆகிய யாவும் ஒருங்கே அமையாத நாடுகளில் பின்லாந்தின் முறை கைகூடவில்லை. மாற்று வழி இந்தியாவில் ஆராயப்பட்டது. அசற்றிக்கமிலத்தை நீருடன் கலந்து கருப்பைக் கழுத்திற் பூசினால், மாற்றமடைந்த பகுதி ஒரு நிமிட நேரத்தில் வெண்மையாகத் தோன்றும். வினாகிரியின் சாரமான பொருளே அது. பயிற்சி பெற்ற தாதியொருவர் வெறுங் கண்ணால் இதனை நோக்கி, அன்றைய தினமே சிகிச்சைக்கு வழிசெய்ய முடியும்.

தமிழகத்தின் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டிலே தொடங்கிய ஆய்வில், முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயதுவரையான கிராமப்புறப் பெண்கள் இம்முறையிற் சோதிக்கப்பட்டனர். நோயேற்படும் வீதம் 25 சதவீதமும் மரணவீதம் 35 சதவீதமும் குறைந்ததாக 2007இல் முடிவுகள் வெளியாயின. முப்பது வயதுக்கும் முப்பத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்டோரே மிகுந்த பயன் எய்தினர். மும்பாயின் சேரிப் பகுதிகளில், பத்தாம் வகுப்பு வரை பயின்ற பெண்களே பயிற்சி பெற்று இப்பரிசோதனையைச் செய்தனர். பன்னிரண்டு ஆண்டுகளில் மரணவீதம் 31 சதவீதம் குறைந்தது. மகாராட்டிரத்தின் உஸ்மனாபாத் மாவட்டத்தில் 1 இலட்சத்து 31 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடையே நடந்த ஆய்வில், வைரசைத் தேடும் பரிசோதனையை ஒருமுறை செய்தமையே முற்றிய நோயையும் மரணத்தையும் ஏறத்தாழ அரைவாசியாக்கிற்று என்பது 2009இல் தெரியவந்தது.

இவ்வாய்வுகளும் கண்டனத்துக்குத் தப்பவில்லை. ஒப்பிடுதற்கென வைக்கப்பட்ட பிரிவிலிருந்த பெண்களுக்கு ஆய்வுக் காலத்திற் பரிசோதனை வழங்கப்படவில்லை. பயன் உண்டென ஏற்கெனவே அறியப்பட்ட ஒன்றை ஒரு சாராருக்கு மறுத்தல் நெறியாகுமா எனச் சிலர் வினவினர். அப்பகுதிகளில் வழக்கமாகக் கிடைக்கும் மருத்துவத்தில் பரிசோதனை என்பதே இல்லை என ஆய்வாளர் விடையிறுத்தனர். அவ்விடை உண்மையே, ஆயின் அவ்வுண்மையே சமூகத்தின்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டும் ஆகும்.

இலங்கையின் அனுபவம்

இலங்கையில் தடுப்பு மருத்துவத்துக்கு நீண்ட மரபொன்றுண்டு. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது முதல், வீடு வீடாகச் செல்லும் மருத்துவிச்சியே அம்மரபின் அச்சாணியாக விளங்கி வந்துள்ளார். கர்ப்பிணிகளின் பெயர், பிள்ளைகளின் வயது, எந்த வீட்டில் யார் நோயுற்றார் என்பனவெல்லாம் அவர் பதிவேட்டிலுண்டு. பின்லாந்து கடிதத்தாற் செய்ததை இலங்கை ஒரு பெண்ணின் கால்நடையாற் செய்தது எனலாம்.

1994இல் கெய்ரோ நகரில் நிகழ்ந்த குடித்தொகை பற்றிய சர்வதேச மாநாட்டின் பின்னர், பெண்ணின் உடல்நலம் மகப்பேற்றோடு முடிவதன்று என்னும் கருத்து வலுப்பெற்றது. 1996இல் நலமாயுள்ள பெண்களுக்கெனத் தனியான சிகிச்சைநிலையங்கள் இந்நாட்டிலே தொடங்கப்பட்டன. குருதியமுக்கம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியன அங்கு ஒருங்கே பரிசோதிக்கப்படுகின்றன. காலப்போக்கில் முப்பத்தைந்து வயதினரை அழைப்பதில் கவனம் குவிக்கப்பட்டது. பின்னர் நாற்பத்தைந்து வயதினரும் சேர்க்கப்பட்டனர். எல்லாரையும் பன்முறை அழைக்க வசதியற்ற நாடு, எல்லாரையும் ஓரிரு முறையேனும் அழைக்க முயன்றமை வட ஐரோப்பா தந்த பாடத்தோடு ஒத்துச் செல்வதாகும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த திட்டமும் பெண்களுள் 70 சதவீதத்தினர் முப்பத்தைந்து வயதுக்குள் ஒருமுறையும் நாற்பத்தைந்து வயதுக்குள் மீண்டும் ஒருமுறையும் சோதிக்கப்படவேண்டும் என்றே கூறுகிறது.

2017இல் ஆறாந் தரத்திற் பயிலும் மாணவியருக்கு இவ்வைரசுக்கெதிரான தடுப்பூசி வழங்குதல் இலங்கையில் ஆரம்பமாயிற்று. தடுப்பூசியின் ஆற்றல் பற்றி இன்று ஐயமில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அதனைப் பெற்ற ஸ்கொத்லாந்துப் பெண்களிடையே முற்றிய புற்றுநோய் ஒன்றேனும் காணப்படவில்லை என 2024இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆயின் தடுப்பூசிக்கு முந்திய தலைமுறையினராகிய தாய்மாரும் அவர்தம் தங்கையரும் அதன் பயனைப் பெறார். அவர்களுக்கு இன்றும் பரிசோதனை ஒன்றே காப்பு. நாட்கூலியை இழந்து வரவேண்டிய தோட்டத் தொழிலாளிக்கும், நிலையத்துக்குத் தொலைவில் வாழ்பவருக்கும், நோயற்றிருக்கையில் ஏன் செல்லவேண்டும் எனத் தயங்குபவருக்கும், தம் மொழியில் விளக்கம் பெறாதவருக்கும் அழைப்பு எட்டினாலும் வருகை எளிதாவதில்லை. நாணத்தை மட்டும் காரணமாகக் காட்டிப் பெண்களைக் குறைகூறுதல் வழக்கமாயுள்ளது. நேரம், கூலி, தூரம், மறைவிடம், பெண் ஊழியர் ஆகியன அமைந்த இடத்தில் நாணம் பெருந்தடையாய் நிற்பதில்லை என்பதற்குத் திண்டுக்கல்லிலும் மும்பாயிலும் திரண்டு வந்த பல்லாயிரம் பெண்களே சான்று.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகிறது. மரத்தகட்டின் உதவியால் ஒரு நிமிடத்திற் செய்யக்கூடிய பரிசோதனை 1947 முதலே உலகுக்குக் கிடைத்திருந்தது. அதன் பின்னரும் இலட்சோபலட்சம் பெண்கள் மடிந்தமைக்கு அறிவின்மை காரணமன்று. நோர்வேயில் அழைப்பு இல்லை. ஒக்லாந்தில் அழைப்பு இருந்தும் உண்மை சொல்லப்படவில்லை. அமெரிக்காவில் ஒருவர் மிகையாகவும் மற்றொருவர் குறைவாகவும் சோதிக்கப்பட்டனர். வறிய நாடுகளில் அழைப்பதற்கே எவருமிலர்.

நியூசிலாந்து 2023 முதல், பெண்கள் தம் மாதிரியைத் தாமே எடுக்கும் முறையினைத் தன் திட்டத்தின் பகுதியாக ஏற்றுள்ளது. ஒரு காலத்தில் தாம் எதற்கு உட்படுத்தப்படுகின்றோம் என்பதையே அறியாதிருந்த பெண்களின் நாட்டில், பரிசோதனை இன்று பெண்ணின் கையிலேயே தரப்படுகிறது. அம்மாற்றம் ஆய்வுகூடத்தில் மட்டும் பிறந்ததன்று. வினவிய வைத்தியர் சிலரும், எழுதிய பெண்களும், சாட்சியமளித்த நோயாளரும் சேர்ந்து ஈட்டியது. நோயற்றவரை அழைக்கும் சமூகம், யாவரையும் அழைத்தல் வேண்டும். உரிய வயதில் அழைத்தல் வேண்டும். வந்தவரிடம் முழு உண்மையையும் உரைத்தல் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறையினும் ஏனைய இரண்டும் பயனற்றுப் போம் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.